பல்லக்குக்காரர் வீடு

அத்தியாயம் பதினேழு

எட்டடி உயரப் பொய் ஒன்றுக்குச் சட்டம் போட்டு, கண்ணாடி பதித்து, மேலே விளக்கும் வைத்து, அருங்காட்சியகத்தின் புதிய கூடத்தில் மாட்டியிருந்தார்கள்.

பொய்க்கு மீசை இருந்தது. தலைப்பாகை இருந்தது. வலத் தோளில் தங்கச் சரிகைச் சால்வை இருந்தது. அந்தச் சால்வையை எந்தத் தறியும் நெய்யவில்லை. சென்ற மாதம் ஓர் ஓவியர் கணினியில் வரைந்து கொடுத்தார். படத்தில் நிற்கும் மனிதர் மறைந்து அறுபது ஆண்டுகள் ஆகின்றன. உயிரோடு இருந்த நாளில் அந்தத் தோளுக்குச் சால்வை போட ஒரு நாதியில்லை. செத்த பிறகு போட்டார்கள். அதுவும் மரியாதைக்காக அல்ல, மறைப்பதற்காக.

எதை மறைக்க? அது அங்கே பழைய பொருள்களைப் பழுதுநீக்கும் இளையவளுக்குத் தெரியும். சென்ற வியாழனன்று தெரிந்தது.

அன்று பழைய பொருள் பதிவேட்டின் அட்டை பிரிந்து, உள்ளிருந்து ஒரு புகைப்படம் அவள் மடியில் விழுந்ததல்லவா? அதுதான் அசல். அதில் நின்றவர் ஒருவரல்லர், நால்வர். நடுவே பல்லக்கு. தண்டின் முன்முனையில் இருவர், பின்முனையில் இருவர். நால்வர் தோளிலும் எலுமிச்சம்பழம் அளவுக்குத் தசை திரண்டு காய்த்துக் கிடந்தது. படத்தின் முதுகில் கறுப்பு மையில் நான்கு பெயர்கள். முதற்பெயர் அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் பெயர்.

இதே படத்தின் பிரதி அப்பாவின் தகரப் பெட்டியில் கிடந்தது. அதை எடுத்தவர் அவள் அண்ணன். மூவரை வெட்டி எறிந்தார். ஒருவரை மட்டும் நிறுத்தினார். காய்த்துப்போன தோளின்மேல் சரிகையைப் போர்த்தினார். பிறகு ஊரைக் கூப்பிட்டு, "பாருங்கள், பல்லக்கில் பவனி வந்த எங்கள் முன்னோர்!" என்றார். ஊரும் பார்த்தது. ஊருக்கு அதைவிட வேறென்ன வேலை?

அண்ணன் கட்டட ஒப்பந்ததாரர்; இரண்டாண்டுகளாக அருங்காட்சியகக் குழுவின் தலைவர். வீட்டிலும் இப்போது அவருக்குப் பெயர் தலைவர்தான். மனைவிகூட அப்படித்தான் அழைக்கிறாள். அழைக்காவிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

இன்று காலை பதினொரு மணிக்குக் கூடம் திறப்பு.

*

மணி ஒன்பதரை. கூடத்துக்குப் பின்னால், ஆறு படி இறங்கினால் பழுதுநீக்கும் அறை. எண்ணெய் வாசமும் பஞ்சுச் சுருளும் தூரிகையுமாக மூன்று மாதங்களாக இளையவள் அந்தப் பல்லக்கோடு வாழ்கிறாள். மரத்தின் ஒவ்வொரு கீறலும் அவளுக்கு மனப்பாடம்.

கண்காணிப்பாளர் உள்ளே வந்தார். இருபத்தாறு ஆண்டுப் பணியில் ஒரு தாளையும் முழுதாகப் படிக்காமல் கையெழுத்திட்ட பெருமை அவருக்கு உண்டு. முதுகெலும்பு என்ற ஒன்றைக் கண்ணாடிப் பேழைக்குள் மட்டுமே பார்த்தவர்.

"மேடம், விளக்க அட்டை வந்தாச்சு. பென்சில்ல பெருக்கல் குறி போட்டிருக்கேன் பாருங்க. அந்த இடத்துல ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

அவள் வாங்கிப் படித்தாள். 'பல்லக்கு. இப்பகுதியின் பெருங்குடி முன்னோர் பவனி வந்தது. அன்னாரின் வழித்தோன்றலாகிய குழுத் தலைவரின் குடும்பத்தார் வழங்கியது.'

"இதைப் படிச்சீங்களா சார்?"

"தலைவர் எழுதினது மேடம். அதை நான் எதுக்குப் படிக்கணும்?"

"நான் கையெழுத்துப் போடலைன்னா?"

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. விதி ஒன்பது இருக்கே! பழுதுநீக்குநர் கையெழுத்து இல்லாம எந்த அட்டையையும் ஒட்டக்கூடாது. தலைவரே கொண்டுவந்த விதி." குரலைத் தாழ்த்தினார். "அவரு சட்டைப் பையில உங்க நிரந்தர ஆணை இருக்கு மேடம். ஒன்பது வருஷமா தற்காலிகமாவே ஓட்டிட்டீங்க. இன்னைக்கு நீங்க அட்டையில போட்டா, அவரு ஆணையில போடுவாரு. ரெண்டு கோடு. ரெண்டு நிமிஷம்."

ஒன்பது ஆண்டுகள்! தேர்வு எழுதி, முதலிடம் பெற்று வந்தவள் ஒன்பது ஆண்டுகளாக ஆண்டுதோறும் தன் வேலைக்குத் தானே விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறாள். அந்த இழிவுக்கு முடிவு, பொய்யின் அடியில் ஒரு கோடு.

அவள் பேனாவைத் திறந்தாள். திறந்தபடியே வைத்திருந்தாள்.

*

தலைவர் வரும்போது அவருக்கு முன்னால் அவருடைய வாசனைத் தைலம் வந்தது. பின்னால் அண்ணி வந்தாள். தன் மகளுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை வீட்டார் இன்று வருகிறார்கள் என்பது அவள் புடவையின் மடிப்பிலேயே தெரிந்தது.

"இன்னும் ஒட்டலையா? டாக்டர் குடும்பம் பத்தரைக்கே வந்துடும்," என்றாள் அண்ணி. "மாமாவைக் கடைசி வரிசையில உட்கார வெச்சுட்டேன். யாராவது கேட்டா, போக்குவரத்துத் துறையில இருந்தேன்னு மட்டும் சொல்லுங்கன்னு சொல்லியிருக்கேன்."

"அப்பா முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினவரு அண்ணி."

"அதுவும் போக்குவரத்துதானே?"

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கையெழுத்து எங்க?"

இளையவள் புகைப்படத்தை மேசைமேல் வைத்தாள். "நீங்க வெட்டி எறிஞ்ச மூணு பேரும் இதுல இருக்காங்கண்ணா."

தலைவர் குனிந்து பார்த்தார். முகத்தில் அதிர்ச்சி இல்லை. பூட்டி வைத்த பெட்டியை வேறொருவர் திறந்துவிட்ட எரிச்சல் மட்டுமே இருந்தது.

"இதை எரிச்சுடு."

"பதிவேட்டையும் எரிக்கணுமா?"

"எதுக்கு? பதிவேடு நம்ம பக்கம். நூத்திப் பன்னிரண்டாம் எண்ணைப் பாரு. 'பல்லக்கு ஒன்று. பல்லக்குக்காரர் வீட்டிலிருந்து பெறப்பட்டது.' வீட்டுக்காரர்னா யாரு? வீட்டை வெச்சிருக்கிறவரு. கடைக்காரர்னா? கடையை வெச்சிருக்கிறவரு. அப்போ பல்லக்குக்காரர்னா?"

"வண்டிக்காரர்னா யாருண்ணா? வண்டிக்குள்ள சாஞ்சு தூங்குறவரா?"

தலைவர் புகைப்படத்தைத் தள்ளி வைத்தார்.

"படகுக்காரர்? துடுப்பைத் தொடாம காத்து வாங்குறவரா?"

"வாயை அளந்து பேசு."

"பல்லக்கையே அளந்துட்டேன். உள்மெத்தை முழுக்க வெள்ளை வெள்ளையா கறை."

"அத்தர் சிந்தின தடம். என் பேச்சுலயே எழுதியிருக்கேன்."

"தையலுக்குள்ள இறகு இருந்துச்சு."

"இறகுத் தலையணை வெச்சிருப்பாங்க. பெரிய மனுஷங்கன்னா அப்படித்தான்." அவர் நெஞ்சு தானாகவே நிமிர்ந்தது.

"இது உங்களுக்குப் புதுசில்லண்ணா. பள்ளிக்கூடத்துல அப்பா என்ன பண்றாருன்னு கேட்டப்போ 'பஸ்காரர்'னு சொன்னீங்க. பசங்க எல்லாம் பஸ் முதலாளின்னு நினைச்சுக்கிட்டாங்க. பத்து வருஷம். ஒரு நாள்கூடத் திருத்தலை நீங்க."

அண்ணி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். திருமணத்துக்கு முன் அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அது அந்த வீட்டில் பேசப்படாத செய்தி.

தலைவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மேசைமேல் தட்டினார். "இது நான் போடுற வேலை. உன் கையெழுத்து விழுந்தா என் கையெழுத்து விழும். இல்லைன்னா நாளைக்குக் காலையில வேற ஆளு இந்த நாற்காலியில இருப்பான். முதல்ல பல்லக்கை மேல ஏத்துங்க. கூடம் காலியா கிடக்குது."

*

ஏற்றுவதற்கு ஆள் வந்திருந்தார்கள். நான்கு பேர், கயிறும் கோணிப்பையுமாகப் பின்வாசலில் காத்திருந்தார்கள். ஒரு மணி நேரமாகக் காத்திருந்தார்கள். உள்ளே வந்த அவர்களைத் தலைவர் தலை முதல் கால் வரை பார்த்தார். கால்களில் பார்வை நின்றது.

"புதுக் கம்பளம் விரிச்சிருக்கு. அதுல மிதிக்காம ஓரமா தூக்கிட்டுப் போங்க. இறக்கி வெச்சதும் பின்வாசல் வழியா போயிடணும். விருந்தாளி கண்ணுல படக்கூடாது."

நால்வரில் மூத்தவர் கயிற்றை மெதுவாகத் தோளில் சுற்றிக்கொண்டார்.

"தூக்க மட்டும் ஆள் வேணும், ஆள் இருந்தது தெரியக்கூடாது. அப்படித்தானே சார்?"

"நேரமாகுது, பேச்சு வேணாம்."

"எங்களுக்கும் நேரமாகுது சார். பெரிய மனுஷங்க வீட்டுப் பல்லக்கு. பெரிய மனுஷங்களே தூக்கிக்குங்க."

நால்வரும் போய்விட்டார்கள். பின்வாசல் வழியாக அல்ல. முன்வாசல் வழியாக, கம்பளத்தின் நட்டநடுவில் எட்டுக் கால்களின் தடங்களைப் பதித்துவிட்டுப் போனார்கள்.

மணி பத்தேகால். ஆறு படி. தள்ளுவண்டி ஏறாது. அறையில் இருந்தவர்கள் காவலாளி, கண்காணிப்பாளர், இளையவள், தலைவர். தண்டின் இரு முனைக்கும் சேர்த்து நான்கு தோள்கள் வேண்டும். இந்தக் கணக்கை எத்தனை முறை கூட்டினாலும் தலைவரைச் சேர்த்தால்தான் நேராயிற்று.

"நானா?" என்றார் தலைவர்.

"வேற யாருண்ணா இருக்காங்க? அண்ணியா?"

"எனக்கு இடுப்பு வலி," என்று அண்ணி சுவரோரம் நகர்ந்தாள்.

சத்தம் கேட்டுக் கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்திருந்த அப்பா படியின் மேல் நின்றார். எழுபத்து நான்கு வயது, தேய்ந்த செருப்பு, ஓட்டுநர் வேலை முடிந்து பதினாறு ஆண்டுகள் ஆன பிறகும் முன்னால் கண்ணாடி இருப்பதுபோல் நேரே பார்க்கும் பார்வை.

"பெரியவனே, கோட்டைக் கழட்டு. தோள்ல வழுக்கும்," என்றார்.

தலைவர் கழற்றினார். அந்தக் கோட்டின் பையில்தான் அவருடைய வரவேற்புரை இருந்தது. அண்ணி அதைக் குழந்தையை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டாள்.

தூக்கினார்கள். மரம் முனகியது. அதைவிட உரக்கத் தலைவர் முனகினார். முதற்படியிலேயே பல்லக்கு ஊஞ்சலாய் ஆடியது.

"எல்லாரும் ஒரே காலை எடுத்து வைக்காதீங்க!" அப்பா கத்தினார். "நடை ஒத்துப்போச்சுன்னா பல்லக்கு ஆடும். ஒருத்தன் இடது, ஒருத்தன் வலது. மாத்தி மாத்தி. எங்க தாத்தா அப்படித்தான் நடப்பாரு. கடைக்குப் போறப்போகூட."

அப்படியே நடந்தார்கள். பல்லக்கு அசையாமல் ஏறியது.

அந்தத் தண்டின் அடியில் இளையவளுக்கு மூச்சு முட்டியது. உள்ளே எவரும் இல்லாத வெறும் பெட்டியே இத்தனை கனம்! உள்ளே ஒருவன் சாய்ந்து கிடந்து, வெயிலுக்குத் திரையும் தூக்கத்துக்குத் தலையணையும் கேட்டுக்கொண்டு, ஒரு நாள் இரு நாள் அல்ல, ஒரு வாழ்நாள் முழுவதும் வந்தானே, அவன் என்ன கனம் கனத்திருப்பான்! இரண்டு கால் உள்ளவனை இரண்டு கால் உள்ள நால்வர் தூக்கினார்கள். தூக்கியவர்களுக்குத் தோள் காய்த்தது. ஏறியவனுக்கோ, இறங்கி நடக்க வேண்டும் என்ற எண்ணம்கூடக் காய்க்கவில்லை. இந்த அநாகரிகத்துக்குப் பரம்பரைப் பெருமை என்று பெயர் வைத்து, அதைத் தனக்கென்று திருடிக்கொள்ளவும் ஒருவர் கிளம்புகிறார் என்றால், அவரை என்னவென்று அழைப்பது? அவள் முன்னால் பார்த்தாள். அண்ணனின் பிடரியில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. வாசனைத் தைலம் கரைந்து போயிருந்தது.

ஆறாவது படி ஏறிக் கூடத்துக்குள் நுழைந்தார்கள். சரியாக அதே நேரத்தில் எதிர்க் கதவு திறந்தது.

*

வந்தவர் எலும்பு மருத்துவர். மணமகனின் தந்தை. கையில் அழைப்பிதழ். அதில் தலைவரின் பெயருக்கு மேலே 'பல்லக்குக்காரர் பரம்பரை' என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. மருத்துவர் அழைப்பிதழைப் பார்த்தார். தண்டின் அடியில் சட்டை கசங்கி, முகம் சிவந்து, நாக்குத் தள்ளி நிற்கும் மனிதரைப் பார்த்தார்.

"ஓ," என்றார் உண்மையான மகிழ்ச்சியோடு, "நீங்கதானா பல்லக்குக்காரர்?"

தலைவருக்கு மறுக்க மூச்சில்லை. தலையசைத்தார்.

காவலாளி இருமினார். அது இருமல்தானா என்று இளையவளுக்குச் சந்தேகம்.

மேடையில் பல்லக்கை இறக்கினார்கள். அண்ணி ஓடிவந்து கணவருக்குக் கோட்டை மாட்டினாள். மருத்துவரோ சுவர்ப் படத்தின் முன்னால் போய் நின்றுவிட்டார்.

"இவரோட வலது தோள் ஏன் இப்படித் தூக்கிட்டு நிக்குது?"

"அது கம்பீரம் டாக்டர்," என்றாள் அண்ணி.

"கம்பீரம் எலும்புல ஏறாதும்மா. சுமைதான் ஏறும். மூட்டை தூக்குறவங்க தினமும் என்கிட்ட வர்றாங்க. சால்வைக்குக் கீழ என்ன இருக்குன்னு பார்க்காமலே சொல்லுவேன்." அவர் திரும்பி அப்பாவைப் பார்த்தார். "ஐயா, நீங்க?"

அண்ணி கண்ணால் கெஞ்சினாள். 'போக்குவரத்து' என்று உதடுகள் ஒலியின்றி அசைந்தன.

"நான் பஸ் டிரைவர் சார். இந்தப் பல்லக்கை இங்க கொண்டுவந்து கொடுத்ததே நான்தான். என் பஸ் கூரையில கட்டி எடுத்துட்டு வந்தேன். 'எந்த வீட்டுலேர்ந்து'ன்னு இங்க இருந்த எழுத்தர் கேட்டாரு. தெருவுல எங்களைப் பல்லக்குக்காரர் வீடுன்னுதான் சொல்லுவாங்க. அதையே எழுதிக்கிட்டாரு."

"அப்போ பல்லக்கு உங்களோடது?"

"ஏறிட்டு வந்தவங்க மோட்டார் கார் வாங்கினதும் இதைக் குப்பையில போட்டாங்க. அதையும் எங்க தாத்தாவைத்தான் தூக்கிட்டுப் போய் போடச் சொன்னாங்க. அவரு வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டாரு. நல்ல மரம் இல்லையா? கோழி அடைச்சு வெச்சிருந்தோம்."

"கோழியா?" என்றார் மருத்துவர்.

"பதினெட்டுக் கோழி சார். எங்க வீட்டுல இந்தப் பல்லக்குல ஏறினதுன்னா அதுங்கதான்."

இளையவளுக்கு உள்மெத்தைக் கறை நினைவுக்கு வந்தது. தையலுக்குள் கிடந்த இறகு நினைவுக்கு வந்தது. அத்தர்! அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். காவலாளியின் இருமல் இப்போது இருமலாக நடிக்கவும் இல்லை.

*

அவள் கீழே இறங்கிப் போனாள். தலைவரின் அட்டையை, கையெழுத்தில்லாமல், தன் குப்பைக் கூடையில் போட்டாள். ஒரு வெள்ளை அட்டையை எடுத்தாள். மேசைமேல் திறந்து கிடந்த பேனாவால் எழுதத் தொடங்கினாள்.

ஊர் ஊராக எத்தனை கூடங்கள் பார்த்திருக்கிறாள்! எல்லா அட்டைகளிலும் ஏறியவர் பெயர் இருக்கும். அவர் தந்தை பெயர் இருக்கும், பட்டம் இருக்கும், பிறந்த நாள் இருக்கும். தூக்கியவர்களைப் பற்றி ஒரு சொல் இராது. பல்லக்கு தானாகவே நடந்து வந்ததுபோல்.

அவள் எழுதியது இதுதான்: 'பல்லக்கு. சுமந்தவர்கள் நால்வர்.' அதன் கீழ் புகைப்படத்தின் முதுகிலிருந்த நான்கு பெயர்கள், ஒன்றும் விடாமல். கடைசியில் ஒரு வரி: 'ஏறியவர்: தெரியவில்லை.' அடியில் தன் கையெழுத்து.

மேலே வந்து ஒட்டினாள். பக்கத்தில் அசல் புகைப்படத்தை வைத்தாள்.

கண்காணிப்பாளர் கைகளைப் பிசைந்தார். "தலைவரே… விதி ஒன்பதுப்படி மேடம் கையெழுத்து இருக்கு. உங்க ஒப்புதல் வேணும்னு அதுல எழுதலை. நீங்கதான் வேண்டாம்னு…"

"வாயை மூடுய்யா."

தலைவர் பையிலிருந்து ஆணையை எடுத்தார். அதை அவள் பார்க்கும்படி நான்காக மடித்தார், மறுபடியும் உள்ளே வைத்தார். கை வலத் தோளைத் தடவிக்கொண்டிருந்தது. அது தடவுவதை அவர் அறியவில்லை.

"நாளைக்குக் காலையில குழு கூடும். அதுக்கப்புறம் நீ எந்த அட்டையிலயும் கையெழுத்துப் போட முடியாது."

"இதுல போட்டாச்சுண்ணா."

அப்பா அட்டையின் அருகில் வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாய்க்குள் படித்தார். கடைசி வரியில் நின்றார்.

"நாலு பேரும் மையில இருக்கு. இது மட்டும் ஏன் பென்சில்ல?"

"உறுதியா தெரியாததை நாங்க பென்சில்லதான் எழுதுவோம்ப்பா. பின்னாடி தெரிஞ்சா அழிச்சுட்டு எழுதலாம்."

அவர்களுக்குப் பின்னால் மருத்துவர் மண்டியிட்டுத் தண்டின் முனையிலிருந்த பித்தளை முத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சற்றுமுன் இருந்த சிரிப்பைக் காணோம்.

"விசித்திரமா இருக்கு," என்று முணுமுணுத்தார். "இந்த முத்திரையை எங்க வீட்டுல எங்கேயோ பார்த்திருக்கேன்."

"பார்த்திருப்பீங்க," என்றார் அப்பா.

பிறகு மகளின் பக்கம் கையை நீட்டினார்.

"அந்த ரப்பரைக் கொடும்மா."